ஒரே கணினி, நான்கு கடிதப் பெட்டிகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலைக்காகச் சென்றுவரும் கிராமங்களுள் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கென ஒரு சிறிய கட்டடம் இருக்கின்றது. முன் அறையில் ஐந்து தையல் மெஷின்கள். பின் அறையில் ஓர் இரும்பு அலுமாரி, ஒரு மேசை, மேசையில் ஒரு கணினி. திட்டமொன்று முடிந்தபோது அதை நடத்தியவர்கள் விட்டுச்சென்ற கணினி அது. மீள்குடியேற்றத்தின் பின்னர் எங்கள் ஊர்களுக்கு இப்படி வந்துசேர்ந்த பொருட்கள் பல. நீர்ப்பம்பிக்கு யார் பொறுப்பு, தையல் மெஷினுக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கூட்டம் கூடி எழுதி வைத்தோம். கணினிக்கு எதுவும் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கணினியில் மின்னஞ்சல் வசதியை அமைத்துக் கொடுத்தவள் நான். எனவே அதில் பின்னர் நிகழ்ந்த தவறில் எனக்கும் பங்குண்டு. சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்துடனேயே இதை எழுதுகின்றேன். ஊரின் பெயரும் அவருடைய பெயரும் இங்கே வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்துக்கொண்டோம்.

“எல்லோர் கையிலும் போன் இருக்கின்றதே, பிறகெதற்கு மின்னஞ்சலுக்குக் கணினி?” என்று சிலர் கேட்கக்கூடும். சங்கத்தின் அலுவல்களைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. பிரதேச செயலகத்திலிருந்து வரும் விண்ணப்பப் படிவம் பத்துப் பதினைந்து நிரல்கள் கொண்ட அட்டவணையாக இருக்கும். அதைப் போனின் சிறிய திரையில் நிரப்ப முயன்றால் கண்தான் கெடும். அத்துடன் எங்கள் பக்கத்தில் சிக்னல் வரும், போகும். கணினியில் நிறுவப்படும் மின்னஞ்சல் மென்பொருளோ இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் கடிதங்களை இறக்கி வைத்துக்கொள்கின்றது. இணைப்பு இல்லாத நேரத்திலும் அவற்றை வாசிக்கலாம். பதில் எழுதி வைத்தால் அடுத்த முறை இணைப்பு வரும்போது அனுப்பலாம். நாங்கள் பயன்படுத்துவது மொசில்லாவின் தண்டர்பேர்ட் என்னும் மென்பொருள். 2004 ஆம் ஆண்டு அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. இன்றுவரை இலவசமாகவே கிடைக்கின்றது.

அதில் நான்கு முகவரிகளைச் சேர்த்திருந்தேன். ஒன்று சங்கத்தினுடையது. இரண்டாவது தையல் உடுப்புகளுக்கான ஓடர்கள் வருவது. மூன்றாவது செயலாளரின் சொந்த முகவரி. நான்காவது, கணக்கு எழுதும் சகோதரியின் சொந்த முகவரி. அவரிடம் அப்போது பட்டன் போன் மட்டுமே இருந்தது. கனடாவில் இருக்கும் தமக்கையுடன் எழுதிக்கொள்ள வேறு வழியில்லை என்று கேட்டார். ஐந்து நிமிட வேலை என்று சொல்லிச் சேர்த்துக் கொடுத்தேன். உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான் எடுத்தது.

இனி நடந்ததைச் சொல்கின்றேன். அந்தச் சகோதரியின் கணவர் 2009 மே மாதத்தின் பின் வீடு திரும்பவில்லை. காணி கணவரின் பெயரில் இருந்ததால் வீட்டுத்திட்டம் முதல் வங்கிக் கடன் வரை ஒவ்வொரு இடத்திலும் அவருக்குத் தடை வந்தது. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 2010 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. மரணம் என்று குறிப்பிடாமல், காணாமற்போனவர் என்றே உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற 2016 ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. இவற்றுள் எதைப் பெறுவது, பெறத்தான் வேண்டுமா என்பது எமது பெண்களுக்கு வெறும் காகித அலுவலாக இருப்பதில்லை. அவருடைய மாமியார், 2017 இல் ஆரம்பித்த காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் மகனின் படத்துடன் வீதியோரக் கொட்டகையில் அமர்ந்தவர். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு மரணச் சான்றிதழ் பற்றி வாய்திறந்து யாரிடம் பேசுவது? அதனால்தான் தமக்கைக்கு எழுதினார். எடுப்பதா விடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை, எடுத்தால் பிள்ளைகளுக்குக் காணியாவது மிஞ்சும் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் அவருடைய முகவரியிலிருந்து போகவில்லை. சங்கத்தின் முகவரியிலிருந்து போய்விட்டது. அதன் பிரதி சங்கத்தின் ‘சென்ட்’ கோப்புறையில் தங்கிவிட்டது. வந்த முகவரிக்கே தமக்கை பதில் எழுதினார். அதுவும் சங்கத்தின் இன்பொக்ஸில் வந்து விழுந்தது. திங்கட்கிழமை கணினியைத் திறந்த நிர்வாக உறுப்பினர், சங்கத்துக்கு வந்த கடிதம்தானே என்று திறந்து வாசித்தார். அவர் மீது நான் குற்றம் சொல்லமாட்டேன். வாசித்த பின்னர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது வேறு விடயம். புதன்கிழமைக்குள் செய்தி மாமியாரின் காதுக்குப் போய்விட்டது. “மகனை உயிரோடு புதைக்கப் பார்க்கிறாள்” என்று அந்தத் தாய் கத்தியதாக அறிந்தேன். அந்தத் தாயின் நிலையில் இருந்து பார்த்தால் அந்த வார்த்தையிலும் பிழை காண முடியவில்லை.

“மிஸ், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அக்காவுக்கு மட்டும்தான் எழுதினனான்” என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு இரண்டு மாதங்களாகச் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

எங்கே பிழைத்தது?

நான் போய்க் கணினியைத் திறந்து பார்த்தபோது பிழை மிகச் சாதாரணமானதாகத் தெரிந்தது. தண்டர்பேர்ட்டின் இடப்பக்கத்தில் ஒவ்வொரு முகவரியும் ஒரு தலைப்பாகவும், அதன் கீழ் அதற்குரிய கோப்புறைகளும் காணப்படும். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால், அது எந்த முகவரிக்கு வந்ததோ அந்த முகவரியிலிருந்தே பதில் போகும். ஆனால் புதிய கடிதம் எழுதும்போது, அந்த நேரத்தில் எந்த முகவரியின் கோப்புறையில் நிற்கின்றோமோ அந்த முகவரியையே மென்பொருள் எடுத்துக்கொள்கின்றது. சகோதரி காலையில் சங்கத்தின் கடிதங்களைப் பார்த்துவிட்டு, அந்த இன்பொக்ஸில் நின்றபடியே ‘ரைட்’ என்பதை அழுத்தியிருக்கின்றார். கடிதத்தின் மேற்பகுதியில் ‘ஃப்ரொம்’ என்னும் வரியில் சங்கத்தின் முகவரி தெளிவாகத்தான் இருந்திருக்கும். யாருக்கு எழுதுகின்றோம் என்பதைத்தான் நாம் பார்ப்போம். யாராக எழுதுகின்றோம் என்பதைப் பார்ப்பதற்கு எவரும் எமக்குப் பழக்கவில்லை. நானும் பழக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ‘வகிபாகம்’ என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றேன். எர்விங் கொஃப்மன் என்னும் சமூகவியலாளர், மனிதர் ஒவ்வொரு கூட்டத்தாரின் முன்னும் ஒவ்வொரு முகத்துடன் நிற்பதையும், ஒரு கூட்டத்துக்குரியதை மற்றக் கூட்டம் பார்க்காமல் காத்துக்கொள்வதையும் விரிவாக எழுதியவர். கணக்காளர், மருமகள், தங்கை என்று அந்தச் சகோதரி மூன்றாக நிற்கவேண்டியிருந்தது. வீட்டிலும் வீதியிலும் அதை அவர் எவ்வளவோ கவனமாகச் செய்துவந்தார். நான் அமைத்துக் கொடுத்த கணினி மூன்றையும் ஒரே திரையில் அடுக்கிவிட்டது. புத்தகத்தில் படித்ததை மேசையில் மறந்துபோனேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரே மென்பொருளுக்குள் பல முகவரிகள் இருப்பதால் வேறு கலப்புகளும் ஏற்படுகின்றன. முகவரிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஒருவர் எழுதிய முகவரி தானாகவே அதில் சேமிக்கப்பட்டு, அடுத்தவர் முதல் இரண்டு எழுத்தை அடிக்கும்போதே கீழே வந்து நிற்கும். தேடும் பெட்டியில் ஒரு பெயரைத் தேடினால் நான்கு முகவரிகளின் கடிதங்களும் சேர்ந்து வரும். பாதியில் நிறுத்திய கடிதம், எந்த முகவரியில் ஆரம்பித்தோமோ அதன் ‘ட்ராஃப்ட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும். புதிய கடிதம் வரும்போது திரையின் மூலையில் அனுப்பியவர் பெயரும் தலைப்பும் முதல் வரியும் சில விநாடிகள் தோன்றி மறையும். பக்கத்தில் யார் நிற்கின்றார் என்பது அதற்குத் தெரியாது. ‘யுனிபைட் ஃபோல்டர்ஸ்’ என்னும் காட்சியை யாராவது தெரிவுசெய்துவிட்டால் எல்லா இன்பொக்ஸும் ஒரே இன்பொக்ஸாகத் தெரியும். பழைய விண்டோஸ் கணினிகளோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸில் பழகியவர்களுக்கு இது வித்தியாசமாகவே தோன்றாது. அதில் பொப் முறையில் வரும் கடிதங்கள் யாவும் இயல்பாகவே ஒரே இன்பொக்ஸில்தான் விழுந்தன.

இராக்கை, அலுமாரி, அறை

சங்கப் பெண்களுக்கு இதை விளக்கும்போது எங்கள் இரும்பு அலுமாரியையே உதாரணமாகக் காட்டினேன்.

ஒரே தண்டர்பேர்ட்டில் நான்கு முகவரிகளை வைத்திருப்பது, ஒரே அலுமாரியின் நான்கு இராக்கைகளில் நால்வரின் கடிதங்களை வைப்பது போன்றது. கதவைத் திறந்தவர் நான்கையும் பார்க்கலாம். ஒரே ஆள் தன்னுடைய இரண்டு மூன்று முகவரிகளை வைத்துக்கொள்வதற்கு இது நல்ல ஒழுங்கு. அப்படியானவர்கள் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று ஒவ்வொன்றுக்கும் ‘சங்கம்’, ‘தையல்’, ‘என்னுடையது’ என்று தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கையொப்ப வரி இடலாம். சங்க முகவரிக்குச் சங்கத்தின் முழுப்பெயரையும் பதிவிலக்கத்தையும் கையொப்பமாக இட்டுவிட்டால், புதிய கடிதம் திறந்தவுடன் அது கீழே வந்து நிற்கும். தமக்கைக்கு எழுத உட்கார்ந்தவரின் கண்ணில் அது படாமல் போகாது. எனக்குத் தெரிந்த எச்சரிக்கைகளில் காசு செலவில்லாததும் மிகப் பயனுள்ளதும் இதுதான். அதே பகுதியில் ‘கொப்பீஸ் அன்ட் ஃபோல்டர்ஸ்’ என்பதையும் ஒருமுறை பாருங்கள். அனுப்பிய கடிதத்தின் பிரதி எந்த முகவரியின் கோப்புறைக்குப் போகின்றது என்பது அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றது. மூலையில் தோன்றும் அறிவித்தலில் முதல் வரியையும் தலைப்பையும் காட்டாமல் விடுவதற்கும் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் வழியுண்டு.

இரண்டாவது முறை, ‘புரொபைல்’ எனப்படுவது. ஒரே தண்டர்பேர்ட்டில் இரண்டு, மூன்று புரொபைல்களை உருவாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனியான கடிதங்கள், தனியான முகவரிப் புத்தகம், தனியான தேடல். இது தனித்தனி அலுமாரிகள் வைத்திருப்பது போன்றது. ஆனால் சகோதரிகளே, அந்த அலுமாரிகளுக்குப் பூட்டு இல்லை. திறக்கும்போது எந்தப் புரொபைல் என்று கேட்குமே தவிர நீங்கள் யார் என்று கேட்காது. ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ என்ற ஒன்றை இடலாமே என்று கேட்பீர்கள். இடத்தான் வேண்டும். ஆயினும் அது பாதுகாப்பது சேமித்து வைத்த கடவுச்சொற்களை மட்டுமே. ஏற்கெனவே இறங்கிய கடிதங்கள் கணினியில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. இடம் தெரிந்தவர் நோட்பாடில் திறந்தும் வாசித்துவிடலாம். இதை அறியாமல் “பாஸ்வேர்ட் போட்டாச்சு” என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். நானும் சில வருடங்கள் அப்படி இருந்தவள்.

மூன்றாவது முறைதான் அறையும் திறப்பும். விண்டோஸிலேயே ஒவ்வொருவருக்கும் தனியான பயனர் கணக்கு உருவாக்குவது. ‘செட்டிங்ஸ்’ என்பதில் ‘அக்கவுண்ட்ஸ்’, அதில் ‘அதர் யூசர்ஸ்’ என்று சென்றால் மைக்ரோசொப்ட் முகவரி இல்லாமலே ஒருவரைச் சேர்க்கலாம். அவரவர் தம் கடவுச்சொல்லுடன் உள்ளே வந்து தண்டர்பேர்ட்டைத் திறந்தால், அவரவருடைய கடிதங்கள் மட்டுமே இருக்கும். ஒருவரின் கோப்புகளை இன்னொரு சாதாரணப் பயனர் திறக்கமுடியாது. இடையில் எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். தேநீர் ஊற்ற எழும்பும் நேரத்துக்கும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கணினியின் நிர்வாகியாக, அதாவது ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று பதிவாகியிருப்பவர் நினைத்தால் மற்றவர்களின் கோப்புறைகளைத் திறக்கலாம். எங்கள் கணினியில் அந்த உரிமை யாரிடம் இருந்தது என்று தேடிப்பார்த்தால், திட்டத்தில் வேலைசெய்துவிட்டு எப்போதோ கொழும்புக்குப் போய்விட்ட ஒரு தம்பியின் பெயரில் இருந்தது. அதை மாற்றி, புதிய கடவுச்சொல்லை எழுதி, உறையில் இட்டு ஒட்டி, தலைவரும் பொருளாளரும் குறுக்கே கையொப்பமிட்டுச் சங்கத்தின் காசுப்பெட்டியில் வைத்தோம். உறை கிழிந்திருந்தால் யாரோ திறந்திருக்கின்றார்கள் என்று தெரியும். படித்தவர்கள் சிரிக்கலாம். பெண்கள் சங்கங்களில் காசுப்பெட்டியின் திறப்பு எவ்வளவு கவனமாகக் கைமாறுகின்றது என்பதைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது அந்தக் கணினியில் மூன்று பயனர் கணக்குகள் இருக்கின்றன. சங்கத்தின் பெயரில் ஒன்று. அதில் சங்க முகவரியும் தையல் முகவரியும். செயலாளருக்கு ஒன்று, கணக்கு எழுதும் சகோதரிக்கு ஒன்று. சங்க முகவரியை ஐமெப் முறையில் அமைத்திருக்கின்றோம். கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும், கணினி பழுதானாலும் அழியாது. ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை நிர்வாகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லி வைத்திருக்கின்றோம்.

கடவுச்சொல் யாருடைய போனில்?

கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வேறொன்று தெரியவந்தது. உறுப்பினர்களில் பலரின் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிக் கொடுத்தவர், சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவர், அல்லது ஒரு மருமகன், அல்லது கணவரின் தம்பி. கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கான தொலைபேசி இலக்கமாக அவர்கள் தங்கள் இலக்கத்தையே கொடுத்திருக்கின்றார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, அந்த நேரத்தில் கையில் இருந்த போன் அதுவாக இருந்திருக்கும். ஆனால் அந்த இலக்கத்தை வைத்திருப்பவர் விரும்பினால் உங்கள் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே வரலாம். கணினியில் எத்தனை சுவர் கட்டினாலும் அந்த வாசல் திறந்தே இருக்கும். எனவே முதலில் உங்கள் முகவரியின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, மீட்பு இலக்கம் யாருடையது என்று பாருங்கள். உங்களிடம் சொந்த இலக்கம் இல்லாவிட்டால், நீங்கள் நம்பும் ஒரு பெண்ணின் இலக்கத்தை அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டில் அடி, அச்சுறுத்தல் என்று இருக்கும் சகோதரிகள் இதை இன்றே செய்வது நல்லது. அவர்கள் தமது சொந்தக் கடிதங்களைச் சங்கக் கணினியிலோ, வீட்டில் மற்றவர்கள் எடுக்கும் போனிலோ நிரந்தரமாகச் சேர்த்து வைக்கவே வேண்டாம். தேவைப்படும்போது உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து, வாசித்து, வெளியேறி, சாளரத்தை மூடிவிடலாம்.

ஏற்கெனவே சேர்த்துவிட்ட முகவரியை நீக்குவதற்கும் ஒரு முறை இருக்கின்றது. தண்டர்பேர்ட்டின் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் அந்த முகவரியைத் தெரிவுசெய்து நீக்கும்போது, கடிதத் தரவுகளையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சிறிய கட்டம் கேட்கும். அதில் அடையாளமிடாவிட்டால் முகவரி மறையும், கடிதங்கள் கணினியிலேயே தங்கும். ஐமெப் முறையில் சேர்த்த முகவரியென்றால் சேவையகத்திலுள்ள கடிதங்களுக்கு இதனால் எதுவும் ஆகாது. பொப் முறையென்றால், கடிதங்களின் ஒரே பிரதி இந்தக் கணினியில் மட்டும் இருக்கின்றதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலிலிருந்தும் அதை அகற்றவேண்டும். ஜிமெயில் என்றால் இன்னொரு படியும் உண்டு. 2022 மே மாத இறுதியிலிருந்து, சொந்த ஜிமெயில் முகவரிகளுக்கு வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் மென்பொருளில் கொடுத்து நுழையும் முறையைக் கூகிள் நிறுத்திவிட்டது. இப்போது ஒரு சாளரத்தில் நுழைந்து அனுமதி கொடுக்கின்றோம். அந்த அனுமதி கூகிள் கணக்கில் பதிவாகி இருக்கும். அங்கே சென்று தண்டர்பேர்ட்டுக்குக் கொடுத்த அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

நிர்வாகம் மாறும்போது இதே அலுவல்களைச் சங்க முகவரிக்கும் செய்யவேண்டியிருக்கும். கடந்த பொதுக்கூட்டத்தில் புதிய பொருளாளர் தெரிவானபோது, வங்கிப் புத்தகம், இரசீதுப் புத்தகம், அலுமாரித் திறப்பு ஆகியவற்றின் கீழ் ‘மின்னஞ்சல் கடவுச்சொல் மாற்றப்பட்டது, மீட்பு இலக்கம் மாற்றப்பட்டது’ என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதினார்கள். ‘கணக்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் பழைய பொருளாளர் கொஞ்சம் திடுக்கிட்டார். காசுக் கணக்கல்ல, கடிதக் கணக்கு என்று விளங்கப்படுத்தினோம்.

கணக்கு எழுதும் சகோதரி மூன்றாம் மாதம் திரும்பி வந்தார். மாமியாருடன் இன்னமும் ஒரே வளவில்தான் இருக்கின்றார். பேச்சு குறைவு, ஆனால் சோறு ஒரே உலையில் என்று சொன்னார். சான்றிதழ் விடயத்தில் என்ன தீர்மானித்தார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கான பயனர் கணக்கை உருவாக்கி, கடவுச்சொல் அடிக்கும் இடத்துக்கு வந்ததும் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் விரலை வைத்துவிட்டு நிறுத்தினார்.

“மிஸ், கொஞ்சம் அங்கால திரும்புங்கோ.”

திரும்பிக்கொண்டேன்.